ஐந்தாம் லயத்துக் குளிர்

வெள்ளிக்கொம்பைத் தேயிலைத் தோட்டத்தின் ஐந்தாம் லயத்துக்குக் குளிர் வந்து குடியேறியது ஓர் ஐப்பசி மாதத்தில், தவமணியின் முந்தானை முடிச்சில். மலையில் குளிருக்கா பஞ்சம் என்று கேட்கக் கூடாது. மலைக்குளிர் மார்கழியில் வரும், கொழுந்தைக் கருக்கும், கிழவர்களில் இரண்டு பேரை அழைத்துக்கொண்டு தை கடைசியில் இறங்கிப் போய்விடும். இது வந்து தங்கிய குளிர்.

தவமணி அப்போது டவுனில் ஒரு பூச்செடிப் பண்ணைக்குத் தினக்கூலியாகப் போய்க்கொண்டிருந்தாள். கோடை மலர்க்காட்சிக்காக அங்கே ஆயிரக்கணக்கான தொட்டிகளில் நாற்று வளர்ப்பார்கள். வெளிநாட்டிலிருந்து அட்டைப்பெட்டியில் வந்த செடிகளில் ஒன்று மட்டும் இரண்டு வருஷமாகப் பூக்காமல் நின்றது. சைபீரியன் ஐரிஸ் என்று அதன் கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் சீட்டுத் தொங்கியது. நெல்லின் தோகை மாதிரி நீண்ட இலை. ஒரு பாதி பச்சை, மறு பாதி பால் வெள்ளை, நடுவில் ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி கோடு. மேஸ்திரி ரங்கநாதன் அதைப் பிடுங்கிக் குப்பைக் குழியில் எறிந்தபோது தவமணிக்கு மனசு கேட்கவில்லை.

“நான் எடுத்துக்கட்டுமா மேஸ்திரி?”

“எடுத்துக்க. ஆனா ஒண்ணு, வெறும் பச்சையா ஒரு தோகை கிளம்புச்சுன்னா அன்னிக்கே வேரோட புடுங்கிடணும். பச்சைதான் பலசாலி. விட்டா மொத்தத்தையும் முழுங்கிடும்.”

“வெறும் வெள்ளையா வந்தா?”

“அது தானா செத்துப்போகும். வெள்ளைக்குச் சமைக்கத் தெரியாது தாயி. பச்சை சமைச்சுப் போட்டாத்தான் அது திங்கும்.”

லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் ஒட்டிக்கொண்டிருக்கும் வீடுகளின் வரிசை. ஐந்தாம் லயத்தில் பன்னிரண்டு வீடுகள், தவமணியுடையது கடைசி. அதன் பின்புறம் குழாயடிக்குப் பக்கத்தில், எப்போதும் ஈரம் கசியும் இடத்தில், அவள் அந்தக் கிழங்கை வைத்தாள். மார்கழிப் பனி மற்ற இடங்களில் எப்படி விழுந்ததோ அப்படியே அதன் மேலும் விழுந்தது. தை முடிந்து மற்ற இடங்களில் பனி போனது. செடியைச் சுற்றி மட்டும் போகவில்லை. மாசி வெயிலில், ஒரு கட்டில் போடும் அளவுக்கு, புல் நுனியெல்லாம் உப்புத் தூவிய மாதிரி வெளுத்துக் கிடந்தது. முதலில் கண்டுபிடித்தது பக்கத்து வீட்டுப் பரிபூரணத்தின் கோழி. அது குழாயடி வரை வந்து, ஒரு காலைத் தூக்கி வைத்து, எடுத்து, திரும்பிப் போய்விட்டது.

பரிபூரணம் தன் காலை வைத்துப் பார்த்தாள். “ஆமா, சில்லுனுதான் இருக்கு,” என்றாள். மறுநாள் அவள் அங்கே கொண்டுவந்து வைத்தது இட்லி மாவு. மாவு மூன்று நாள் புளிக்கவில்லை. அதற்குப் பிறகு யாரும் அந்தக் குளிரைப் பற்றி ஆச்சரியமாகப் பேசியதாகத் தெரியவில்லை. இடத்தைப் பற்றித்தான் சண்டை போட்டார்கள். பால் பாத்திரங்கள் கிழக்கே, மாவு தெற்கே, மீன்கார அலாவுதீன் பாயின் ஐஸ் உருகிய நாட்களில் அவருடைய மத்தி மேற்கே, நாற்றம் காற்றோடு போகும் பக்கம். தோட்டக்கலை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து வெப்பமானியை நட்டுவைத்து, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்து, குறிப்பேட்டில் ஏதோ எழுதி, மேலிடத்துக்குத் தெரிவிப்பதாகச் சொன்னார். போகும் முன், தன் தயிர்ப் பாத்திரத்தை மதியம் வரை அங்கே வைத்துக்கொள்ளலாமா என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

தவமணி மட்டும் ஒன்றைக் கவனித்தாள். வெறும் பச்சைத் தோகை கிளம்பி, அதைப் பிடுங்க இரண்டு நாள் தாமதமானால், பால் திரிந்தது. பிடுங்கினால் குளிர் மறுபடி கெட்டித்தது. குளிர் இருந்தது வெள்ளை வரியில்.

செத்தவர்களை அங்கே கிடத்துவது எப்படி ஆரம்பித்தது என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அந்த மக்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று நினைக்கத் தோன்றும். ஐந்தாம் லயத்தில் இருப்பவர்கள் எல்லோரும், அல்லது அவர்களைப் பெற்றவர்கள், இலங்கைத் தோட்டங்களிலிருந்து ஒப்பந்தத்தின்படி கப்பலேற்றி அனுப்பப்பட்டவர்கள். அண்ணனுக்கு இந்தியா என்று சீட்டு வந்தது, தம்பிக்கு வரவில்லை. தலைமன்னாரில் கையசைத்துப் பிரிந்தவர்களில் பாதிப் பேர் அதற்குப் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை. அம்மா செத்த செய்தி கருமாதி முடிந்து ஒரு மாசம் கழித்து நீலக் கடுதாசியில் வரும். வந்த அன்று, கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த இடத்திலேயே உட்கார்ந்து அழுவார்கள். ஆகவே, முகம் பார்ப்பது என்பது அந்த லயத்தில் சோற்றுக்கு அடுத்தபடியான விஷயம்.

பழைய கங்காணி சின்னப்பன் இறந்தபோது மழையில் ரோடு அறுந்து, டவுனிலிருந்து ஃப்ரீஸர் பெட்டி மேலே ஏற முடியவில்லை. இலங்கையில் அட்டனிலிருந்த அவர் தங்கை விசாவுக்கு நிற்பதாக போனில் அழுதாள். சங்கத் தலைவர் செல்லத்துரை கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார், பிறகு தவமணியைப் பார்த்தார். பாலும் மாவும் எடுக்கப்பட்டன. சின்னப்பன் ஒன்பது நாள் செடிக்குப் பக்கத்தில் படுத்திருந்தார். தங்கை வந்து, நாற்பத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு அண்ணன் முகத்தைப் பார்த்து, “மீசை வச்சிருக்கியே, யாரக் கேட்டு வச்ச?” என்று அடித்து அழுதாள். அதன்பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. யார் செத்தாலும், வரவேண்டியவர் வரும்வரை தவமணி வீட்டுப் பின்புறம்தான்.

பிணம் கிடக்கும் வரிசையில் அடுப்பு எரியக் கூடாது, கோவில் திறக்கக் கூடாது. அதற்கும் செல்லத்துரை வழி கண்டுபிடித்தார். குளிர் நிற்கும் இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்பில் ஒரு கோடு இழுத்தார். கோட்டுக்கு உள்ளே சுடுகாடு, வெளியே லயம். அடுப்பு எரிந்தது. எப்படியும் வருகிறவர்களுக்குக் காப்பி போட வேண்டுமே என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

செடி வந்த பிறகு இரண்டாவது மாசியில் தவமணியின் புருஷன் பழனியாண்டி இறந்தான். தேயிலை ஃபாக்டரியில் அடுப்புக்கு விறகு போடும் வேலை அவனுக்கு. கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, “கொஞ்சம் உக்காந்துக்கிறேன்,” என்று சொல்லி உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

மகள் லோகேஸ்வரி வளைகுடா நாடு ஒன்றில் இருந்தாள். ஐந்தாம் லயத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கிய பிள்ளை அவள், நர்ஸிங். ஒரு பெரிய வீட்டில், படுக்கையில் கிடக்கும் முதியவள் ஒருத்தியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அந்த அம்மா இருக்கும்வரை நீ இங்கே இருக்க வேண்டும் என்று சொல்லி, அவளுடைய மகன் லோகுவின் பாஸ்போர்ட்டை வாங்கித் தன் அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தான்.

“போட்டோ அனுப்பாதம்மா, வீடியோவும் வேணாம்,” என்றாள் லோகு, அழுதழுது அடைத்த குரலில். “நான் கிளம்பின அன்னிக்கு அப்பா ஷிஃப்டுல இருந்தாரு. ஜீப்பு முன்னாடியே வந்துடுச்சு. சொல்லிக்காமலே வந்துட்டேன். நான் வந்து நேர்ல பாக்கணும். வச்சிருங்கம்மா.”

“வச்சிருக்கேன். நீ வா,” என்றாள் தவமணி.

பழனியாண்டியைக் கோட்டுக்குள் கிடத்தினார்கள். மாசி போனது, பங்குனி போனது. அவன் முகம் அன்று காலையில் முகம் கழுவியவன் முகம் போலவே இருந்தது. கொழுந்து நிறுக்கப் போகிறவர்கள் அந்த வழியாக வந்தால், “என்னா பழனியாண்டி அண்ணே,” என்று சொல்லி, வழக்கம்போல ஒரு கணம் பதிலுக்கு நின்றுவிட்டுப் போனார்கள். பிள்ளைகளின் பந்து உள்ளே விழுந்தால், “மாமா, பந்து,” என்று சொல்லித்தான் எடுத்தார்கள். வீடு வீடாகக் கணக்கெடுக்க வந்த பெண், இந்த வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டாள். தவமணி யோசித்து, “மூணு,” என்றாள். அந்தப் பெண் ஜன்னல் வழியாகப் பின்புறத்தைப் பார்த்தாள். பேனாவை மூடிவிட்டு, பென்சிலால் எழுதிக்கொண்டாள்.

சித்திரையில் செடி பூத்தது. ஒரே தண்டு, ஒரே பூ, இங்க் கொட்டிய மாதிரி நீலம், இதழின் தொண்டையில் மட்டும் மஞ்சள் கீறல். இரண்டு நாள் பழனியாண்டியின் கால்மாட்டில் நின்றுவிட்டு, மூன்றாம் நாள் சுருண்டது. பார்க்க வந்தவர்கள் பூவைப் பார்த்தார்கள், தவமணியைப் பார்த்தார்கள், நல்லது சொல்வதா துக்கம் சொல்வதா என்று தெரியாமல் காப்பியை மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள்.

எடுக்காத பிணத்துக்குப் பதினாறாம் நாள் எப்போது என்று ஒரு கேள்வி வந்தது. எடுத்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும் என்று செல்லத்துரை சொன்னார். அதனால் தவமணி தாலியைக் கழற்றவில்லை. ஆனால் அதை வெளியே தெரியும்படியும் போடவில்லை. மூன்றாம் வீட்டு வளைகாப்பில் பரிபூரணம் குங்குமத் தட்டை எல்லோருக்கும் நீட்டிக்கொண்டே வந்து, தவமணி முன்னால் நின்றாள். தட்டு நீண்டது, கொஞ்சம் பின்னால் போனது, மறுபடி நீண்டது. தவமணி தானே எழுந்து, “அடுப்புல பாலை வச்சிட்டு வந்தேன்,” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

பரிபூரணத்தின் மகளுக்கு வைகாசியில் கல்யாணம் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்து சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தார்கள், கோட்டுக்கு உள்ளே பார்த்தார்கள், நீங்கள் எடுத்த பிறகு நாள் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். குழாயடியில் குடம் நிரம்பி வழிய வழியப் பரிபூரணம் பேசினாள்.

“உன் வீட்டுக்காரரு ஜம்முனு படுத்திருக்காரு. எம்புள்ளதான் நிக்கிறா.”

“உம்புள்ள நாளைக்குக் கட்டிக்கலாம் பரிபூரணம். எம்புள்ள நாளைக்கு வந்தா யாரப் பாக்கும்?”

“எந்த நாளைக்கு? மூணு மாசமா நாளைக்கு நாளைக்குங்கிற. நாள் எங்க நிக்குதுன்னு ஏரோப்ளேன்ல ஏறிப் போயி பாக்கணும் போல.”

“அவ எப்படி வருவா? அந்தம்மா உசுரோட இருக்காங்கல்ல.”

சொன்ன பிறகு தவமணிக்குத் தன் காதே சுட்டது. குடத்தைத் தூக்கிக்கொண்டு வேகமாக உள்ளே போனாள். அந்த வாக்கியத்தை அவள் ஒரு தடவையாவது லோகுவிடம் சொல்லியிருக்கிறாளா என்று யோசித்தாள். சொன்ன மாதிரி நினைவில்லை. ஆனால் ஒவ்வொரு போனிலும், சாப்பிட்டியா என்று கேட்பதற்கு முன்னாலேயே, “அந்தம்மா எப்படி இருக்காங்க?” என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். லோகு, “அப்படியேதான் இருக்காங்கம்மா,” என்பாள். அதைக் கேட்டு இரண்டு பேரும் பெருமூச்சு விடுவார்கள்.

இதற்கு நடுவில் செடி பச்சையாகிக்கொண்டிருந்தது. வைகாசி மழைக்குப் பிறகு வேரின் நாலா பக்கமும் வெறும் பச்சைத் தோகைகள் முண்டிக்கொண்டு கிளம்பின. தவமணி பண்ணை வேலைக்குப் போவதை நிறுத்தினாள். விடிந்ததும் சாக்கை விரித்துச் செடிக்கு முன்னால் உட்காருவாள். பழனியாண்டி ஒரு பக்கம், களைக்கொத்து ஒரு பக்கம். ஒரு பச்சையையும் விடவில்லை. பச்சையைப் பிடுங்கப் பிடுங்க வெள்ளை அகலமானது. வரி போட்ட தோகைகள் மறைந்து, காகிதம் போன்ற முழு வெள்ளைத் தோகைகள் வந்தன. குளிர் இறுகியது, பழனியாண்டியின் புருவத்தில் பனி கட்டியது, கோட்டைத் தாண்டிக் குளிர் வந்து பரிபூரணம் வீட்டுச் சுவரை வெடிக்க வைத்தது. பிறகு ஒரு காலையில் அந்த முழு வெள்ளைத் தோகைகள் வெந்த கீரை மாதிரி ஒவ்வொன்றாக மண்ணில் படுத்தன. கனமழையில் மண் கரைவது போல, குளிர் நாலு விரற்கடை சுருங்கியது.

அப்போதுதான் மேஸ்திரி சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. சமைக்கிறவளை விரட்டிவிட்டுச் சாப்பிடுகிறவளை உட்கார வைத்திருக்கிறாள். அன்று முதல் அளந்து விட்டாள்: இத்தனை பச்சை, இத்தனை வெள்ளை. பச்சை ஒரு பிடி கூடினால் குளிர் தளர்ந்தது. ஒரு பிடி குறைந்தால் செடி சோர்ந்தது. ஆனி பிறந்தபோது மிச்சமிருந்தது வரி போட்ட தோகை இரண்டே இரண்டு. அவற்றைச் சுற்றிப் பதினொரு பச்சைக் குருத்துகள். பழனியாண்டியின் பாதம் குளிருக்கு வெளியே வந்துவிடாமல் அவன் முழங்காலை மடக்கிவைக்க வேண்டியிருந்தது. தூங்கும் பிள்ளை மாதிரி ஆகிவிட்டான்.

“இப்படி மடக்கி மடக்கி எங்க கொண்டுபோய் முடிப்ப தவமணி?” என்று கேட்டார் செல்லத்துரை. அவர் குரலில் கோபம் இல்லை. “கூட்டம் போட்டுத் தீர்மானம் எடுக்க எனக்கு மனசு வரல. நீயா சொல்லு.”

“இன்னும் கொஞ்ச நாள் தலைவரே.”

“எதுக்குக் கொஞ்ச நாள்னு உனக்கே தெரியும்,” என்று சொல்லிவிட்டு, பழனியாண்டியின் பக்கம் திரும்பி, “வரேம்பா,” என்று போனார்.

அதற்கு அடுத்த புதன்கிழமை, காலைப் பத்து மணி இருக்கும், லோகு கூப்பிட்டாள். அது அவள் கூப்பிடும் நேரம் இல்லை.

“அம்மா, ஒண்ணு சொல்லட்டுமா. திட்டக் கூடாது.”

“சொல்லு.”

“காலையில அந்தம்மாவுக்கு மாத்திரை எடுத்து வச்சேன். அஞ்சு மாத்திரை. நாலு குடுத்துட்டேன். ஒண்ணு என் உள்ளங்கையிலயே நின்னுடுச்சு. இருதயத்துக்கானது. அத நாலு நாள் குடுக்கலன்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்மா. படிச்சிருக்கேன். யாருக்கும் சந்தேகம் வராதுன்னும் தெரியும்.”

தவமணி போனை மறு காதுக்கு மாற்றினாள்.

“அவங்க வாயத் தொறந்துக்கிட்டுப் படுத்திருக்காங்க. நான் குடுப்பேன்னுதான் தொறந்திருக்காங்க. நான் அப்பாவ நெனச்சுக்கிட்டு நிக்கிறேன். எவ்ளோ நேரம் நின்னேன்னு தெரியலம்மா.”

“குடுத்தியா?”

“குடுத்துட்டேன்.”

நாளைக்குக் குடுப்பியா என்று தவமணி கேட்கவில்லை. “போயி முகத்தக் கழுவிட்டு ஏதாச்சும் சாப்புடு,” என்றாள். போனை அடுப்பு மேடையில் வைத்தாள். பிறகு பின்புறம் போனாள்.

சாக்கை விரிக்கவில்லை. பழனியாண்டியின் தலைமாட்டில் மண்டியிட்டு, அவன் புருவத்துப் பனியைப் புறங்கையால் துடைத்தாள். “நம்ம புள்ளய நம்மளே கெடுத்துருவோம் போலங்க,” என்றாள். பதினொரு பச்சைக் குருத்துகளையும் ஒதுக்கிவிட்டு, நடுவில் நின்ற அந்த இரண்டு வரித் தோகைகளையும் சேர்த்துப் பிடித்தாள். ஒன்று சுலபமாக வந்தது. மற்றது வேரோடு பிடிவாதம் பிடித்தது. இரண்டு கையாலும் இழுத்தாள். உள்ளங்கை அறுபட்டு, வெள்ளை வரியில் ரத்தம் ஏறியபோது அதுவும் வந்தது.

படுத்திருந்த மாடு எழுந்து போவது மாதிரி குளிர் எழுந்து போனது. அது கிடந்த இடம் மட்டும் கொஞ்ச நேரம் ஆவி விட்டது. வெயில், நாலு மாசமாக வெளியே காத்து நின்றது போல, கோட்டைத் தாண்டி உள்ளே வந்து பழனியாண்டியின் நெற்றியில் உட்கார்ந்தது. அவன் கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. முழங்கால் தானாக நீண்டது.

தவமணி சத்தம் போட்டு அழுதாள். பன்னிரண்டு வீடுகளிலும் கதவு திறந்தது. நாலு மாசமாக அங்கே கிடந்தவன் அந்த நிமிஷம்தான் செத்தான் என்பதுபோல் எல்லோரும் ஓடிவந்தார்கள். முதலில் வந்து அவளைக் கட்டிக்கொண்டு விழுந்தவள் பரிபூரணம். “நான் சொன்னதுக்கா செஞ்ச? அடியே, நான் வாய்க்கு வந்ததச் சொன்னேன்டி, அதுக்கா?” என்று மாரில் அடித்துக்கொண்டாள். அதற்காக இல்லை என்று தவமணி சொல்லவில்லை. எதற்காக என்று அவள் ஒருவரிடமும் சொல்லப் போவதில்லை. அன்று ஐந்தாம் லயத்தில் அடுப்பு எரியவில்லை. கோவில் சாத்தப்பட்டது. மகள் போட வேண்டிய கோடித்துணியைப் பரிபூரணத்தின் மகள் போட்டாள். வெயில் ஏற ஏற அவசரம் ஏறியது. தப்பு அடிக்கிறவர்கள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்தார்கள். இரண்டு மணிக்குள், பதிமூன்றாம் நம்பர் தேயிலைக் காட்டுக்குக் கீழே, பழனியாண்டிக்கு மண் போட்டாயிற்று.

சாயங்காலம் ஈரத் தலையோடு தவமணி போனை எடுத்தாள்.

“அப்பாவ எடுத்துட்டோம் லோகு.”

“என்னக் கேக்காம எப்படிம்மா?”

“கேட்டா வேணாம்னு சொல்லுவ.”

“நான் வந்திருப்பேன். இன்னும் கொஞ்சம் வச்சிருந்தா நான் வந்திருப்பேன்ல.”

“எப்படி வந்திருப்ப?”

அந்தப் பக்கத்திலிருந்து அழுகை வந்தது, சின்ன வயதில் விழுந்த இடத்தைக் காட்டாமல் அழுவாளே, அந்த அழுகை. சமாதானம் சொல்லத் தனக்கு வார்த்தை இல்லை என்பது தவமணிக்குத் தெரிந்திருந்தது. இனி இந்தப் பிள்ளை தன்னோடு பேசாமல் போகலாம் என்பதும் தெரிந்திருந்தது.

அப்போது போனுக்குள் எங்கோ தூரத்தில் ஒரு வயதான குரல், சுண்ணாம்பு உதிர்வது மாதிரி, கூப்பிட்டது. லோகுவின் பெயர் அந்த வாயில், “லூகா,” என்று கேட்டது. மறுபடியும், “லூகா.”

லோகு மூக்கை உறிஞ்சினாள். “இரும்மா,” என்றாள், கோபம் தீராத குரலில். போனை எங்கோ வைத்தாள், அணைக்கவில்லை.

தவமணி காதோடு வைத்து அழுத்திக்கொண்டாள். செருப்புச் சத்தம் நடந்து போனது. ஒரு டப்பா திறந்தது. மாத்திரைகள் ஒரு தட்டில் விழுந்தன. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினாள், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அதற்குப் பிறகு சத்தம் இல்லை. அந்தச் சத்தமில்லாமை நீண்டது. தவமணி கண்ணை மூடினாள். ஐந்தாவது விழுந்தது. தம்ளரில் ஸ்பூன் கலக்கும் ஓசை வந்தது. பிறகு, தனக்குத் தெரியாத ஒரு பாஷையில், தன் மகள் யாரிடமோ வாயைத் திறக்கச் சொல்வது கேட்டது.